பீட் பொருந்துகிறது, ஆனாலும் ரீமிக்ஸ் மிக்ஸ் ஏன் ஒட்டுவதில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: 'மழை', 'நள்ளிரவு' என்று ஒரு கருவை வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் நடன இசை ரீமிக்ஸ்களில் 15 எடுத்து, வீட்டுக் கணினியில் ஒரு மணி நேர மிக்ஸாகக் கோக்கிறீர்கள். மென்பொருள் பீட்டைப் பிசகாமல் பொருத்திக் கொடுக்கிறது. கேட்டால் மட்டும் தனித்தனிப் பாட்டுகளை வரிசையாக ஒட்டியதுபோல இருக்கிறது, மாறும் இடங்களில் இரைச்சலாகவும் ஆகிவிடுகிறது. எந்த மென்பொருளுக்கு மாறலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளை மாற்றினால் இது தீராது. பீட் பொருந்திய பிறகும் பொருந்தாமல் கிடப்பது எது என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. பெரும்பாலும் அது குரல்.

தாளமும் பேஸும் (கனத்த அடிச்சுர ஒலி) மட்டும் ஓடும் ஒரு டெக்னோ டிராக்கை இன்னொன்றின் மேல் ஏற்றினால் காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ரீமிக்ஸ் அப்படி இல்லை. அதில் மனிதக் குரல் இருக்கிறது. அதுவும் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டின் குரல். குரல் வந்த கணமே காது தாளத்தை விட்டுவிட்டுச் சொற்களின் பின்னால் போய்விடும், அடுத்த வரிக்குக் காத்திருக்கும். அந்த வரி வராமல் வேறொருவர் பாடத் தொடங்கினால், கிக் டிரம் (பீட்டைக் காட்டும் கனத்த அடி) எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் ஏதோ அறுந்ததுபோல் தோன்றும். 15 டிராக்கும் முழுக் குரலோடு இருந்தால் அது 14 முறை அறுகிறது. ஆகவே டிராக்குகளை அடுக்கும்போது முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது பிபிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகத்தை) அல்ல, குரலை.

என் கணக்கு இது. ஒரு மணி நேரத்துக்கு 14 டிராக் போதும்: ஒவ்வொன்றும் சராசரி 5 நிமிடம், 13 இடங்களில் 45 நொடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்றால் மொத்தம் 60 நிமிடம் 15 நொடி. இந்த 14இல் முழுக் குரல் உள்ளவை 5 அல்லது 6. சில சொற்கள் மட்டும் எதிரொலியோடு வந்துபோகும் டப் வகை 4 அல்லது 5. மீதி குரலே இல்லாதவை. ஒரு குரலின் கடைசி வரிக்கும் அடுத்த குரலின் முதல் வரிக்கும் நடுவே குறைந்தது 16 பார், முடிந்தால் 32 பார் வெற்றிடம் விடுங்கள். 4 பீட் சேர்ந்தது 1 பார். 128 பிபிஎம்மில் 16 பார் என்பது சரியாக 30 நொடி, 32 பார் ஒரு நிமிடம். இந்த எண்கள் விதி அல்ல, பழக்கத்தில் நின்றவை. ஆனால் இரண்டு குரல் ஒரே நேரத்தில் பாடக்கூடாது என்பதை மட்டும் விதியாகவே வைத்துக்கொள்ளலாம். அதை மீறிச் சரியாக வரும் இடம் எப்போதாவது கிடைக்கும். கிடைத்தால் நீங்களே கேட்டு உணர்வீர்கள், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இனி கரு. 'மழை' என்ற கரு பாட்டின் பெயரில் இருக்கிறது, உங்கள் மனதில் இருக்கிறது; காதில் விழுகிறதா என்பதுதான் சோதனை. பெயரில் மழை இருக்கிறது என்பதற்காக 138 பிபிஎம் டிரான்ஸ் ஒன்றையும் 118 பிபிஎம் டீப் ஹவுஸ் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால், பெயர்ப் பட்டியலைப் படிப்பவருக்குத்தான் கரு தெரியும். எந்தக் கருவையும் காதில் விழும் சில கட்டுப்பாடுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். மழை என்றால், மைனர் சுருதி மட்டும், வேகம் 118 முதல் 122க்குள், நீண்ட எதிரொலியுள்ள சிந்த் (சிந்தசைசர்) ஒலிகள், அடங்கின கிக். நள்ளிரவு என்றால், ஆண்குரல் வேண்டாம், பேஸ் முன்னால் நிற்க வேண்டும், பிரகாசமான பியானோ வேண்டாம். கட்டுப்பாடு கடுமையாக இருக்க இருக்க வேலை சுலபமாகும், ஏனென்றால் பாதி டிராக்குகளை அதுவே கழித்துவிடும். 'அமில' ஒலி என்று சொல்லப்படும் அந்த நெளியும் பேஸைத் தரும் ரோலண்ட் டிபி-303 கருவி 1981இல் வந்தது. அந்த ஒலி உள்ள ரீமிக்ஸ்கள் மட்டும் என்று கரு வைத்தால், பாட்டுகள் எங்கெங்கிருந்து வந்தாலும் மிக்ஸ் தானாகவே ஒட்டும். சொல் ஒற்றுமையைவிட ஒலி ஒற்றுமை எப்போதும் பலமானது.

கருவை நினைவூட்ட ஒரு நூலும் ஓடவிடலாம். மழைச் சத்தப் பதிவு ஒன்றை இசையைவிட 25 முதல் 30 டெசிபல் கீழே வையுங்கள். டிரம் ஓடும்போது அது மறைந்திருக்கும், டிரம் நிற்கும் பிரேக்குகளில் மட்டும் மேலே தெரியும். தொடர்ந்து சத்தமாக ஓடவிட்டால் ஹைஹேட்டோடு (டிரம் தொகுதியின் சிறு தாளத்தட்டு) சேர்ந்து வெறும் 'உஸ்' ஆகிவிடும்.

எந்த வடிவத்தை எடுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரே ரீமிக்ஸுக்கு ரேடியோ எடிட், எக்ஸ்டெண்டட் மிக்ஸ், டப், இன்ஸ்ட்ருமெண்டல் என்று பல வடிவங்கள் வரும். ரேடியோ எடிட் 3 அல்லது 4 நிமிடம். முதல் சில நொடிகளிலேயே குரல் வந்துவிடும். கோக்க இடமே இல்லை. எக்ஸ்டெண்டட் மிக்ஸில் முன்னும் பின்னும் 16 அல்லது 32 பார் வெறும் தாளம் இருக்கும், அந்த இடம் கோப்பவருக்காகவே விடப்பட்டது. நடன மேடைக்காகப் பாட்டை நீட்டும் இந்தப் பழக்கம் டிஸ்கோ காலத்தது. 1975இல் குளோரியா கேனரின் ஆல்பம் ஒன்றில் முதல் பக்கத்தின் 3 பாட்டுகளையும் நீட்டி, இடைவெளி இல்லாமல் கோத்தவர் டாம் மோல்டன். மறு ஆண்டு சால்சோல் நிறுவனம் வெளியிட்ட வால்டர் கிப்பன்ஸின் ரீமிக்ஸைத்தான், கடையில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆகவே தேடும்போது ரீமிக்ஸின் பெயரோடு நிற்காமல் எக்ஸ்டெண்டட் வடிவமும் டப் வடிவமும் உண்டா என்று பாருங்கள். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள். குரல் பகுதியை ஒன்றிலிருந்தும் வெளியேறும் பகுதியை டப்பிலிருந்தும் எடுத்தால் கோக்கும் வேலையில் பாதி முடிந்தது. சுருதியும் வேகமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பார் எல்லையில் வெட்டித் தாவலாம், ஒட்டு தெரியாது.

14க்காக 40 டிராக்காவது தேர்ந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பிபிஎம், சுருதி, குரல் தொடங்கும் நேரம், குரல் முடியும் நேரம், முன் தாளம் எத்தனை பார், பெரிய பிரேக் எங்கே. அலுப்பான வேலைதான். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தே பாதி வரிசை அமைந்துவிடும். கோப்பின் தரத்தையும் அப்போதே சோதியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றுமே இல்லாத கோப்பு, 320 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) என்று பெயர் போட்டிருந்தாலும் அநேகமாக 128 கேபிபிஎஸ்ஸிலிருந்து ஊதிப் பெருக்கியது. தனியாகக் கேட்டால் தெரியாது. நல்ல கோப்புக்குப் பக்கத்தில் வரும்போது ஹைஹேட் மங்கிக் காட்டிக்கொடுக்கும்.

வேகத்தில் கணக்கு எளிது. 118இல் தொடங்கி 126இல் முடிக்க வேண்டும் என்றால் 8 பிபிஎம்மை 13 மாற்றங்களில் பிரித்தால் ஒன்றுக்கு 0.6தான். அந்த ஏற்றத்தைக் குரல் இல்லாத 32 பாரில் மெல்ல ஏற்றினால் யாருக்கும் தெரியாது. குரலின் நடுவில் ஏற்றினால் சுருதி பூட்டப்பட்டிருந்தாலும் (வேகம் மாறினாலும் சுருதி மாறாதபடி மென்பொருளில் வைத்திருந்தாலும்) பாடுபவர் அவசரப்படுவதுபோல் தெரியும். வகை விட்டு வகை தாவ வேண்டுமானால் விகிதத்தைப் பிடியுங்கள். 174 பிபிஎம் டிரம் அண்ட் பேஸுக்குள் 87 பிபிஎம் ஹிப் ஹாப் அப்படியே பாதியாக உட்காரும். மென்பொருள் இந்த இரண்டைத்தான் அடிக்கடி குழப்பும், 174ஐ 87 என்று காட்டும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 128இலிருந்து 96க்கு இறங்க ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டும் 4க்கு 3 என்ற விகிதம். வெளியேறும் டிராக்கின் கடைசி ஒலியை 625 மில்லிநொடி இடைவெளியுள்ள எக்கோவில் போட்டு மூலத்தை நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப வரும் அந்த எதிரொலியே 96 பிபிஎம்மின் பீட். அடுத்த டிராக் அதன் மேல் வந்து அமரும்.

வேகத்தை மாற்றினால் சுருதி என்னாகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'எல்லாம் சரியாக இருந்தும் அபசுரமாக இருக்கிறது' என்ற குறைக்கு அடிக்கடி இதுதான் காரணம். இசைத்தட்டைப் போல வேகமும் சுருதியும் சேர்ந்தே நகர்ந்தால், ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு ஒரு அரைச்சுரம் ஏறும். 120ஐ 124க்குக் கொண்டுவருவது 3.3 சதவீதம், அதாவது அரைச்சுரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இதுதான் மிக மோசமான இடம், எந்தச் சுருதியிலும் சேராமல் இரண்டு கட்டைக்கு நடுவே தொங்கும். சுருதிப் பூட்டைப் போட்டால் இது தீரும், ஆனால் அதற்கும் விலை உண்டு. 3 அல்லது 4 சதவீதம்வரை நல்ல மென்பொருளில் பெரும்பாலான டிராக்குகள் தாங்கும். 6ஐத் தாண்டினால் கிக்கின் முதல் தட்டு மழுங்கும், ஹைஹேட் கரகரக்கும், குரலில் தகரச் சாயல் ஏறும். எல்லை எது என்பது டிராக்குக்கு டிராக் மாறும் என்பதால் எண்ணை நம்பாமல், ஹைஹேட் தனியாக வரும் இடத்தை ஹெட்ஃபோனில் கேட்டு முடிவெடுங்கள்.

சுருதிச் சக்கரத்தைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். சுருதிகளை 1 முதல் 12 வரை எண்ணிட்டு வட்டமாக அடுக்கும் கேமலாட் முறையில் 8ஏ என்பது ஏ மைனர், 8பி என்பது சி மேஜர், பக்கத்து வீடுகளான 9ஏ இ மைனர், 7ஏ டி மைனர். அதே எண், அல்லது ஒன்று கூட, ஒன்று குறைய என்று நகர்ந்தால் மோதாது. பூட்டு இல்லாமல் 6 சதவீதம் ஏற்றிய டிராக் சக்கரத்தில் 7 எண் தாவும்; 8ஏவில் இருந்தது 3ஏவுக்குப் போய்விடும். இதுவரை உறுதி. இந்தச் சக்கரத்தைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் பார்வையில், இரண்டு டிராக்கும் வெறும் தாளத்தில் சந்தித்தால் சுருதி ஒரு பொருட்டே இல்லை. சிந்த் அல்லது பேஸ் மேலேறும் இடங்களில் மட்டும் அது முக்கியம். மென்பொருள் சொல்லும் சுருதியையும் முழுதாக நம்பாதீர்கள். மேஜரையும் அதன் உறவு மைனரையும் (அதே சுரங்களில் அமைந்த மைனர்) மாற்றிச் சொல்வது வழக்கம். அது அதே எண் என்பதால் கேடில்லை. அரைச்சுரப் பிழைதான் கெடுக்கும். பேஸ் வாசிக்கும் முதன்மைச் சுரத்தைக் கைப்பேசி கீபோர்டு செயலியில் தேடிப் பிடித்தால் 10 நொடியில் தெரிந்துவிடும்.

பீட்டை மென்பொருள் சரியாகத்தான் பொருத்துகிறது என்றீர்கள். அதையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 20 மில்லிநொடி நீளம். இரண்டு கிக் 10 மில்லிநொடி விலகினால் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து அடிப்பகுதி காணாமல் போகும். பீட் பொருந்திவிட்டது, ஆனால் மாறும் இடத்தில் மட்டும் கிக் சப்பையாகிறது என்றால் இதுதான் நடக்கிறது. 25 மில்லிநொடியைத் தாண்டினால் 'டடக்' என்று இரண்டாகவே கேட்கும். எம்பி3 கோப்புகளில் குறியாக்கமும் வாசிப்பும் சேர்த்துத் தொடக்கத்தில் சுமார் 25 மில்லிநொடி வெற்றிடம் வரலாம். அதைச் சில மென்பொருள்கள் கழிக்கும், சில கழிக்காது. அதனால் ஒன்றில் போட்ட கட்டத்தை (பீட்டுகள் விழும் இடங்களைக் குறிக்கும் கோடுகளை) இன்னொன்றுக்குக் கொண்டுபோனாலோ, கட்டம் போட்ட பிறகு கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றினாலோ எல்லாம் ஒரே அளவு தள்ளிப்போகும். கோப்பை முதலில் தரம் குறையாத வடிவங்களான வேவ் அல்லது ஃப்ளாக்காக முடிவுசெய்துவிட்டுப் பிறகு கட்டம் போடுங்கள். முதல் கிக்கை நன்றாகப் பெருக்கிப் பார்த்து, கோடு அலை எழும் இடத்திலேயே நிற்கிறதா என்று ஒவ்வொரு டிராக்குக்கும் தொடக்கத்திலும் கடைசியிலும் பாருங்கள். தொடக்கத்தில் சரி, கடைசியில் விலகல் என்றால் பிபிஎம் ஒரு தசமப் புள்ளியில் தவறு. நடுவில் இங்கும் அங்கும் ஆடினால் அது ஆள் வாசித்த டிரம். 1970களின் டிஸ்கோ டிராக்குகள் அப்படித்தான், 4 அல்லது 8 பாருக்கு ஒரு குறி வைத்துத்தான் கட்ட வேண்டும்.

கட்டம் ஒரு பீட் தள்ளி விழுவது வேறு கோளாறு. கைத்தட்டல் ஒலி 2ஆம் 4ஆம் பீட்டில் வருவது ஹவுஸின் வழக்கம். இரண்டு டிராக் சேரும்போது ஒவ்வொரு பீட்டிலும் தட்டல் கேட்டால் ஏதோ ஒன்றின் '1' தவறு. 4 பார் தள்ளினால் அதுவும் தெரியாது, ஆனால் ஒரு டிராக் உச்சத்துக்கு ஏறும்போது இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கும். பாட்டிலிருந்து வெட்டிச் செய்த ரீமிக்ஸ்களில் எங்காவது 4 பார் கூடவோ குறையவோ ஒளிந்திருக்கும் என்பதால், 8 பாராக எண்ணிக்கொண்டே ஒருமுறை முழுதாகக் கேட்பது வீண் வேலை அல்ல.

மாறும் இடத்தை 124 பிபிஎம்மில் ஒரு மாதிரி வைத்து விளக்குகிறேன். அங்கே 1 பார் 1.94 நொடி, 32 பார் சுமார் 62 நொடி. முதல் டிராக்கின் கடைசிப் பல்லவி முடிந்த அடுத்த பாரை 1 என்று எண்ணுங்கள். அங்கேயே இரண்டாவதின் முன் தாளத்தைத் தொடங்குங்கள், ஆனால் அதன் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுதாக வெட்டி. 8 பாரில் மெல்ல ஒலியளவை ஏற்றுங்கள். 9ஆம் பாரில் அதன் ஹைஹேட் தெரியத் தொடங்கியதும் முதலாவதின் மேல்பகுதியை 2, 3 டெசிபல் இறக்குங்கள். 17ஆம் பாரின் முதல் பீட்டில் பேஸைக் கைமாற்றுங்கள்: முதலாவதின் அடிப்பகுதி வெட்டு, இரண்டாவதின் அடிப்பகுதி திறப்பு, இரண்டும் ஒரே பீட்டுக்குள். இதை மெல்லச் செய்யக் கூடாது. பேஸ் இரண்டும் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு பாரும் கூழாகிவிடும். 55 ஹெர்ட்ஸில் ஒன்றும் அதற்கு அரைச்சுரம் மேலே 58.3இல் ஒன்றும் சேர்ந்தால் நொடிக்கு 3 முறை அதிரும், மோட்டார் ஓடுவதுபோல. 17க்குப் பிறகு முதலாவதின் நடுப்பகுதியைப் படிப்படியாகக் குறைத்து 28 அல்லது 32ஆம் பாரில் வெளியேற்றுங்கள். இரண்டாவதின் குரல் 33ஆம் பாரில் அல்லது அதற்குப் பின் வரும்படி தொடக்கத்தைக் கணக்கிட்டிருக்க வேண்டும். வராவிட்டால் அதன் முன் தாளத்தில் 8 பாரை லூப் போட்டு நீட்டுங்கள். முதலாவதின் குரல் இன்னும் ஓயவில்லை என்றால் அதன் கடைசிச் சொல்லில் எக்கோ போட்டு மூலத்தை நிறுத்துங்கள்: முக்கால் பீட் இடைவெளி, அதாவது 363 மில்லிநொடி, பின்னூட்டம் (ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதில் எவ்வளவு என்பது) 50 முதல் 60 சதவீதம், எக்கோவின் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. சில பாருக்குள் அது தானாகக் கரையும்.

எல்லா இடத்திலும் இதே 32 பார் வேண்டாம். 13 முறையும் ஒரே மாதிரி மாறினால் ஐந்தாவது முறையிலேயே கேட்பவர் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். இரண்டு மூன்று இடத்தில் பிரேக்கின் உச்சியில் சட்டென்று வெட்டுங்கள், ஓரிடத்தில் தாளமே இல்லாமல் எதிரொலியில் சந்திக்கவிடுங்கள்.

ஒரே பாட்டின் பல ரீமிக்ஸ்களைக் கோப்பதை ஒரு கருவாகக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த கரு அது, ஆனால் ஆபத்தானதும் அதுவே. குரல் ஒன்று என்பதால் சுருதி பெரும்பாலும் தானாகப் பொருந்தும். ஆனால் ரீமிக்ஸ் செய்தவர் குரலுக்கு அடியில் மேஜரை விட்டுவிட்டு அதன் உறவு மைனர் கார்டுகளை வைத்திருக்கலாம்; அதனால் சுருதி ஒன்றாக இருந்தும் மனநிலை திடீரென்று இருளும். அதைக் குறையாக எண்ணாமல் திருப்பமாக வைத்துக்கொள்ளுங்கள். பலரும் செய்யும் தவறு, ஒவ்வொரு ரீமிக்ஸிலும் பாட்டை முழுதாக ஓடவிடுவது. ஒரே சரணத்தை ஐந்தாவது முறை கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. பாட்டைப் பங்கிட்டுக் கொடுங்கள்: முதல் ரீமிக்ஸ் முன்னிசையும் முதல் சரணமும் மட்டும், இரண்டாவது பல்லவி, அடுத்தது குரலே இல்லாத டப், நான்காவது இரண்டாம் சரணம், கடைசியில் ஒன்று மட்டும் பல்லவியை முழு உச்சத்தில் எடுக்கட்டும். மொத்த மிக்ஸிலும் பாட்டு ஒரே முறைதான் பாடப்பட்டதாக இருக்க வேண்டும். இன்னொன்று, ஒரே குரலின் இரண்டு பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்காதீர்கள். சில மில்லிநொடி விலகினால் குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகும், கூடுதலாக விலகினால் தடுமாறும் எதிரொலி. ஒன்று நின்ற பிறகே மற்றொன்று.

குரலைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. டீசர் நிறுவனம் 2019இல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்கள் செய்த டெமுக்ஸ் இரண்டும் ஒரு பாட்டைக் குரல், டிரம், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். வெளியேறும் டிராக்கில் 16 பாருக்குக் குரலை மட்டும் நீக்க இவை அருமை. டப் வடிவம் கிடைக்காத பாட்டுக்கு நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். பிரித்த குரலைத் தனியாக வெளிச்சத்தில் நிறுத்தினால் மட்டும் குறை தெரியும்: ஹைஹேட் கசிவு, வார்த்தை முடிவுகளில் தண்ணீருக்குள் பேசுவது போன்ற நடுக்கம். அடியில் முழுத் தாளம் ஓடட்டும், மறைந்துவிடும்.

ஒலியளவைச் சமன் செய்ய கோப்பு முழுவதையும் அளக்காதீர்கள். நீண்ட அமைதியான பிரேக் உள்ள டிராக்கின் சராசரி குறைவாக வரும், அதை நம்பி ஏற்றினால் டிராப் (பிரேக்குக்குப் பின் தாளம் முழுதாகத் திரும்பும் இடம்) வரும்போது மற்றவற்றைவிடக் கத்தும். ஒவ்வொன்றிலும் அடர்த்தியான 30 நொடியை மட்டும் அளந்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு, எடுத்துக்காட்டாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காது உணரும் ஒலியளவின் அலகு), இறக்குங்கள். ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது. பொருந்தி விழும் இரண்டு சம அளவுக் கிக்குகள் சேர்ந்தால் உச்சம் 6 டெசிபல்வரை எகிறும். அந்த இடம் மேலே காலியாக இல்லாவிட்டால் மாறும் இடங்களில் மட்டும் உடையும். நீங்கள் சொன்ன 'இரைச்சல்' குரல் மோதலுக்கு அடுத்தபடியாக இதனால் இருக்கலாம். 1980களின் 12 அங்குல ரீமிக்ஸ்களுக்கு ஒலியளவு சமமான பிறகும் அடிப்பகுதி மெலிந்து தெரியும். 60 முதல் 80 ஹெர்ட்ஸ் பக்கம் 2 அல்லது 3 டெசிபல் கூட்டினால் இன்றைய டிராக்குக்கு அருகே நிற்கும். அதற்கு மேல் கூட்டினால் உறுமல்தான் மிஞ்சும்.

கடைசியாக, நீங்கள் முதலில் கேட்ட மென்பொருள். வீட்டு மிக்ஸுக்கு ஃபேடரைப் பிடித்து நேரடியாகப் பதிவதைவிட, ரீப்பர், ஏபிள்டன் லைவ் போன்றவற்றில் நேரக்கோட்டில் அடுக்குவது நல்லது, ஏனென்றால் 7ஆவது இடத்தில் பிழை வந்தால் 7ஆவதை மட்டும் திருத்தலாம். மிக்ஸ்எக்ஸ் (Mixxx) இலவசம், டிராக்குகளை அலசவும், எது எதோடு சேரும் என்று கையால் போட்டுப் பார்க்கவும் அது போதும். ஏபிள்டனில் வேக மாற்றம் சிறிதாக இருந்து தாளத்தில் மட்டும் சந்திப்பு என்றால் ரீ-பிட்ச் முறையைத் (வேகத்தோடு சுருதியும் நகர்வது) தேர்ந்தெடுங்கள், தாக்கம் மழுங்காது. முழுப் பாட்டின் சுருதியைக் காக்க வேண்டிய இடத்தில் காம்ப்ளெக்ஸ் ப்ரோ.

முடித்ததும் மூன்று முறை கேளுங்கள். ஒருமுறை மாறும் இடங்களை மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் முன்பிருந்து. ஒருமுறை கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரில், மோனோவில் ஏதாவது சிந்த் காணாமல் போகிறதா என்று. ஒருமுறை மறுநாள், வேறு வேலை செய்துகொண்டே, குறைந்த ஒலியில். எந்த இடத்தில் நிமிர்ந்து திரையைப் பார்க்கிறீர்களோ அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. ஏற்றுமதிக்கு 24 பிட் வேவ், லிமிட்டரின் (ஒலியை ஓர் அளவுக்கு மேல் விடாத கருவி) உச்சம் மைனஸ் 1 டெசிபல், மொத்த அளவு மைனஸ் 12 முதல் மைனஸ் 10 எல்யூஎஃப்எஸ். அதற்கு மேல் அழுத்தினால் ஒரு மணி நேரம் கேட்கக் காது ஒத்துழைக்காது. டிராக்குகளாகப் பிரித்து வைக்க விரும்பினால் எம்பி3யாக வெட்டாதீர்கள், ஒட்டில் சிறு மௌனம் விழும். ஒரே ஃப்ளாக் கோப்பும் பக்கத்தில் ஒரு கியூ ஷீட்டும் (ஒவ்வொரு டிராக்கும் தொடங்கும் நேரத்தைக் குறித்த சிறு உரைக்கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள். அதில் நேரம் நிமிடம், நொடி, ஃபிரேம் என்று வரும், நொடிக்கு 75 ஃபிரேம். பொதுவெளியில் ஏற்றும் எண்ணம் இருந்தால் முன்பே அந்தத் தளத்தின் விதியைப் படியுங்கள். அமெரிக்காவின் இணைய வானொலி உரிமத்தில் 3 மணி நேரத்துக்குள் ஒரே கலைஞரின் பதிவுகள் 4க்கு மேலும், தொடர்ச்சியாக 3க்கு மேலும் வரக்கூடாது. ஒரே பாடகரைக் கருவாக வைத்த மிக்ஸ் அந்த இடத்திலேயே நின்றுபோகும்.